நாற்பத்தொன்றாவது எபிசோடு

‘செவ்வாய் டிப்போ’ என்ற ஒலி நாடகம் அறுநூறு எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்பதில்தான் அறிவுச்செல்வனுக்கும் தனுஷாவுக்கும் தீராத சண்டை. வடக்கனந்தலில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்கு இறங்கும்வரை, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு சண்டை போடுவார்கள். இடது காது அவளுடையது.

“நாப்பத்தொண்ணுல ஆரம்பிடா. அதுவரைக்கும் ராக்கெட்டே கிளம்பாது. கையெழுத்து வாங்கிக்கினே இருப்பானுங்க.”

“ஒண்ணுலேர்ந்துதான் கேப்பேன். பந்தியில எவனாச்சும் மோர்லேர்ந்து ஆரம்பிப்பானா?”

“போடா லூசு. நீ செவ்வாய்க்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் கெழவியாயிடுவேன்.”

ஐப்பசியில் வந்த காய்ச்சலில் தனுஷா இறந்துபோனாள். வகுப்பில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மூன்றாவது நிமிடம் இன்டர்னல் தேர்வு தொடங்கியது.

காரியம் முடிந்த மறுநாள் அறிவுச்செல்வன் அதே பஸ்ஸில் அதே சீட்டில் உட்கார்ந்தான். தோல்வியை ஒப்புக்கொண்டு நாற்பத்தொன்றை ஓடவிட்டான். வலது காதில் ராக்கெட் கிளம்பியது. அவள் சொன்னது சரிதான், நன்றாகவே இருந்தது.

பக்கத்துச் சீட்டில் கிடந்த இடது இயர்போனிலிருந்து வேறு ஏதோ சத்தம் கசிந்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

“செவ்வாய் டிப்போ. முதல் எபிசோடு.”

போனில் நாற்பத்தொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டை நுனியால் துடைத்து, அதை அவள் சீட்டிலேயே திரும்ப வைத்தான். தன் காதிலிருந்ததைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

“தம்பி, இங்க ஆள் வருதா?” என்றார் நின்றுகொண்டிருந்த ஒருவர்.

“வருதுண்ணே. இன்னும் நாப்பது கேக்கணும், கொஞ்சம் லேட்டாவும்.”