ஆறாம் கட்டிலின் அடம்

ஆறாம் கட்டில் பெரியவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"ஒரு வாய் வாங்கிக்கோங்கய்யா. இப்படியே இருந்தா நாளைக்கு மூக்குல குழாய் போட்டுடுவாங்க!" என்று கெஞ்சினாள் நர்ஸ்.

"தனியா சாப்பிட்டா இறங்க மாட்டேங்குதும்மா."

அவள் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். என்ன மாயமோ, அவர் தட்டும் காலி!

அன்று முதல் தினமும் அப்படித்தான். அவர் தட்டைத் தராசில் நிறுத்து நிறுத்து எழுதினாள். 'துணை இருந்தால் நோயாளிக்குப் பசிக்கும்' என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே தயாராகிவிட்டது.

இருபதாம் நாள் அவருடைய தலையணை உறையை மாற்றினாள். காலி பிஸ்கட் பாக்கெட்டுகள் பொலபொலவென்று கொட்டின.

"ஐயா! அப்போ சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிச்சப்பவும் உங்களுக்குப் பசி இருந்துச்சா?"

"எனக்கென்னம்மா, கல்லைத் தின்னாலும் செரிக்கும். நீதான் தினமும் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனே. ஒருநாள் தலைசுத்தி, மருந்து வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, மறந்துட்டியா?"

அவள் கட்டுரையை எடுத்தாள். 'நோயாளிக்கு' என்பதை அடித்துவிட்டு 'நர்ஸுக்கு' என்று எழுதினாள்.

"எழுதினது போதும், மணி ஒண்ணாச்சு," என்றார் பெரியவர். "டப்பாவைத் திற."