பச்சை லாரி வழி விடவில்லை

முதல் ஆட்டத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியைப் பொறுப்பாக ஓரங்கட்டி நிறுத்தினார். பின்னால் வந்த ஜீப் அவரைச் சுட்டுப் பொசுக்கிவிட்டது.

ஓரமாக நிற்பவனைச் சுடுவது என்ன நியாயம் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே, ஸ்டூல் மேல் ஒரு டப்பா டிவி. அவருடைய மகள், தான் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமைப் பரணிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தாள். வண்டிகளில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு ஒன்றையொன்று நொறுக்குவதுதான் ஆட்டம். கடைசியில் மிஞ்சும் வண்டிக்கு வெற்றி.

எதிர்த்து ஆடியவர் பக்கத்துக் கட்டில்காரர். காலில் மாவுக்கட்டோடு கிடக்கும் லாரி டிரைவர். ஆட்டத்திலும் அடம்பிடித்து ஒரு பச்சை லாரியையே எடுத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் டிரைவருக்கு மனம் இதில் இல்லை. அது வெள்ளிக்கிழமையிலேயே குத்த வைத்து உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு டாக்டர்கள் கூடி அவருடைய இடது கையைப் பார்ப்பார்கள். ஒரு விரல் அசைந்தாலும் போதும், வைத்தியத்தைத் தொடர்ந்து பழையபடி ஸ்டியரிங்கில் உட்கார வழி உண்டு. அசையாவிட்டால் டெலிபோன் மேஜை. யாரோ ஒருவன் அவருடைய வண்டியை ஓட்டிக்கொண்டு போக, அவர் விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இடது கை, வந்த விருந்தாளி மாதிரி ஒரு வேலையும் செய்யாமல் மடியில் உட்கார்ந்திருந்தது. ரப்பர் பந்து, களிமண், நர்ஸின் அதட்டல், எதற்கும் அது மசியவில்லை.

மகள் அந்தக் கையைத் தூக்கி, கட்டைவிரலை கேம் ரிமோட்டின் ஒரு பட்டன் மேல் வைத்தாள். வண்டி தானாக ஓடும், வலது கையால் திருப்பினால் போதும் என்றாள். இடது கட்டைவிரலுக்கு அடியில் இருப்பது ஹாரன் என்றாள்.

சுடுவதற்கு எது என்று அவர் கேட்கவே இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் ஆளைச் சுடுவானா?

இரண்டாவது ஆட்டத்தில், கூரையில் சிவப்பு விளக்கு வைத்த ஒரு வெள்ளை வேன் கிடைத்தது. அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது. வழியில் ஒரு கார் எரிந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போக மனசு கேட்காமல் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் கருணைக்கு இரண்டு குண்டு வாங்கினார்.

பிறகு ஒரு குறுகலான பாலம். பாலத்தின் நடுவில், குறுக்கே, பச்சை லாரி.

இருபத்தாறு வருடமாக அவர் பார்த்த அதே லாரி. வேனுக்குள் நோயாளி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, முன்னால் ஊர்வலம் போகிற மாதிரி ஆடி அசைந்து போகும் லாரி. சைரன் காதைக் கிழித்தாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நகராத லாரி. பக்கத்துக் கட்டிலில் அந்த மனுஷன் பல்லைக் காட்டிச் சிரித்தார்.

இவருக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது.

"யோவ், வழி விடுய்யா!"

வேனின் மூக்கிலிருந்து பளபளவென்று ஏதோ பறந்தது. முன்விளக்காக இருக்கும் என்று நினைத்தார். பச்சை லாரி வெடித்துச் சிதறியது.

அவர் பதறிப்போனார். ஒதுங்கத்தானே சொன்னார்?

பாலத்தைத் தாண்டியதும் அந்த ஜீப் குறுக்கே வந்தது. அதையும் ஒதுங்கச் சொன்னார். அதுவும் வெடித்தது. அடுத்து ஒரு டாக்ஸி. அதற்கடுத்து இரண்டு மோட்டார் சைக்கிள். இப்படியா வண்டிகளைப் பராமரிப்பார்கள் என்று முகம் தெரியாத மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

கடைசியில் திரையில் வெள்ளை வேன் மட்டும் நின்றது.

லாரி டிரைவர் மாவுக்கட்டையும் மறந்து எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் தெரியாத ஆளு மாதிரி உக்காந்துக்கிட்டு என்னையே காலி பண்ணிட்டீங்களே அண்ணே! எதுல சுட்டீங்க?"

"நான் எங்கய்யா சுட்டேன்? ஹாரன்தான் அடிச்சேன்."

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இதற்குப் போய் எதற்கு அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. லாரி டிரைவரும் டிவியை விட்டு அவர் மடியையே பார்த்தார்.

யாரும் நம்பவில்லை போலிருக்கிறது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இதோ பாருங்கள் என்று, இடது கட்டைவிரலால் இன்னும் இரண்டு தடவை அழுத்திக் காட்டினார்.