ஆந்த்ரோன் வாசலில் எல்லைக்கல்

கயிறு ஆந்த்ரோன் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

ஒரு முனை என் கையில். மறுமுனை, புதிதாகத் தோண்டிய பெரிய வடிகாலுக்குப் பக்கத்தில் மெலாந்தோஸ் கையில். ஏதென்ஸ் நகரச் சதுக்கத்துக்கு எல்லை போடச் சபை நியமித்த அதிகாரி அவர். கயிறு பிடிப்பதைக்கூட ஆளிடம் விட மாட்டார். நான் கல் நடுகிறவன்.

அந்த வருஷம் எத்தனையோ வீடுகளை இடித்தோம். கிணறுகளைத் தூர்த்தோம். இடிபடாமல் தப்பித்த வீட்டுக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். சதுக்கத்தைப் பார்த்த வாசல் என்றால் நாளைக்கே கடை போட்டுவிடலாம்.

ஆந்த்ரோன் வீடும் தப்பித்தது. கல் அதன் சுவர் மூலையில் வரும். வீடு எல்லைக்கு வெளியே, வாசலுக்கு முன்னால் ஓடும் சந்து உள்ளே.

அதுதான் வம்பு.

சண்டையில் கேடயத்தை எறிந்துவிட்டு வந்தவன் சதுக்கத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் யார் வேண்டுமானாலும் பிடித்துச் சிறைக்கு இழுத்துக்கொண்டு போகலாம். பக்கத்து நாட்டுப் போயோத்தியாக்காரர்களோடு நடந்த சண்டையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவன் என்று ஆந்த்ரோனுக்கு அந்தத் தண்டனை விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை இந்தச் சந்து வழியாகத்தான் குயவர் தெருவுக்குப் போய்ப் பானை வனைந்துகொண்டிருந்தான்.

வீட்டுக்குப் பின்னால் குன்று. மொத்தமும் பாறை. இந்த ஒரு வாசல்தான் வழி.

கல் நின்றுவிட்டால் அவன் தன் வாசற்படியை விட்டு இறங்க முடியாது.

அவன் மனைவி மிர்ரினே காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாலே அடி, லைகோன் அண்ணே. சந்துக்கு அந்தப் பக்கமா நட்டுடுங்க. சண்டையிலே நீங்க அவருக்குப் பக்கத்திலேயே நின்னவராச்சே. அவர் எப்படிப்பட்டவர்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைப் போய் ஏன் கெஞ்ச வேண்டும்? ஒவ்வொரு பண்டிகைக்கும் என் வீட்டுக்கு அத்திப்பழம் கொடுத்தனுப்புகிறவள். அதையும் யார் கேட்டார்கள்?

இருந்தாலும் கயிற்றைக் கட்டும் முளையைக் கொஞ்சம் தள்ளி அடித்துப் பார்த்தேன். ஒரு சாண்தான்.

"ஏம்ப்பா, கயிறு கோணுதே!" மெலாந்தோஸ் அங்கிருந்தே கத்தினார். "ஒருத்தன் வீட்டுக்காக ஊரையே வளைக்கச் சொல்றியா?"

முளையைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே அடித்தேன். மிர்ரினே சுவரோரமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் செருப்புத் தைக்கிறவனுக்கு நாக்கு அரித்தது.

"ஏ ஆந்த்ரோன்! சதுக்கமே உன் வாசலைத் தேடி வந்துடுச்சு. வெளியே வந்து பாரேன்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆந்த்ரோன் வந்தான். படி வரைக்கும் வந்து நின்றான். கையெல்லாம் காய்ந்த களிமண். சிரித்தவர்களை அவன் பார்க்கவே இல்லை. நான் தோண்டிக்கொண்டிருந்த குழியைத்தான் பார்த்தான்.

வேறு யாராவது என்றால் மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். இவன் சும்மா நின்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலு பேர் பிடித்துக் கல்லை இறக்கினோம். 'சதுக்கத்தின் எல்லை நான்' என்று அதன் முகத்தில் வெட்டியிருந்தது. இறக்கும்போது என் பிடி நழுவிக் கல் ஒரு பக்கம் சாய்ந்தது. இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு அப்படி நழுவியதே இல்லை.

மண் தள்ளி மிதித்தேன். மெலாந்தோஸ் வந்து, கல் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, அதன் தலையில் எண்ணெய் ஊற்றினார்.

எண்ணெய் விழுகிற வரைக்கும்தான் அது வெறும் கல்.

"சரி, நடங்க" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். அடுத்த கல் சதுக்கத்துக்கு அந்தக் கோடியில். மற்றவர்கள் கடப்பாரைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

என் இரண்டு காலும் சந்தில் இருந்தன. சந்து இப்போது சதுக்கம்.

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தச் சதுக்கத்து வேலைதான் எங்களுக்குச் சோறு.

சந்திலிருந்து வெளியேற, கைக்கெட்டும் தூரத்தில் ஒரே இடம்தான் இருந்தது. ஆந்த்ரோன் வீட்டுப் படியில் ஏறி அவன் பக்கத்தில் நின்றேன். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"அங்கே ஏறி என்னப்பா பண்றே?" மெலாந்தோஸ் திரும்பிப் பார்த்தார். "இறங்கி வா."

"நான் இறங்கக் கூடாதுங்க."

"ஏன், காலிலே அடியா?"

"அன்னிக்குக் கேடயத்தை எறிஞ்சுட்டு ஓடினது நான்தாங்க. அம்பு விழுதுன்னு இவன்தான் பின்னாலேயே வந்து தன்னோடதை என் கையிலே மாட்டிவிட்டான். திரும்பி வந்ததும் இது யாருதுன்னு கேட்டாங்க. என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

கடப்பாரைகள் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

மிர்ரினே எழுந்து வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. அவளோ என்னைத் தாண்டித் தன் கணவனைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா ஏன் சொல்லலே?"

ஆந்த்ரோன் கையில் ஒட்டியிருந்த களிமண்ணைச் சுரண்டினான்.

"இவனே சொல்லுவான்னு இருந்தேன்" என்றான்.