காலேஜ் விசாரிப்பு

களத்து மேட்டுத் தென்னையில் வீரையனைக் கட்டிவைத்து, மிராசுதார் வைத்தியலிங்கம் புளியம் விளாரால் விளாசினார்.

"உம் பொண்ண எந்தக் காலேஜுல சேத்திருக்க?"

வீரையனுக்கு அவரைத் தெரியும். கூலியை உயர்த்திக் கேட்டதற்கே குடிசையைக் கொளுத்தியவர். காலேஜ் பெயர் தெரிந்தால் அங்கேயும் போய் மகளின் படிப்பைக் கெடுத்துவிடுவார்.

அடுத்த அடியில் உதடு கிழிந்தது.

"என்ன படிப்பு? யாரு சொல்லி அப்ளிகேஷன் போட்ட?"

"கொன்னாலும் சொல்ல மாட்டேங்க."

விளார் ஒடிந்தது. மிராசுதார் மூச்சு வாங்கக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம் மவனுக்கு எங்கயும் எடம் கெடைக்கலடா. நீ சொன்னா அங்கயே போட்டுப் பாக்கலாம்னுதான்..."

வீரையன் ரத்தத்தைத் துப்பினான். "இதக் கேக்கவாங்க இந்த அடி?"

மிராசுதார் நிஜமாகவே யோசித்தார்.

"உங்க ஆளுங்ககிட்ட வேற எப்படிடா கேக்கறது?"