சிங்கப்பூரில் ஓர் ஆயுத பூசை

எந்தச் சீமைக்குப் போனாலும் ஆயுத பூசையை விடக்கூடாது என்று மணிவேல் ஒற்றைக்காலில் நின்றார். வெளிச்சாப்பாடும் அவருக்கு ஆகாது. அதனால் சுற்றுலா வந்த சிங்கப்பூரிலும் சமையலறை உள்ள வீடாகப் பிடித்து, அரியலூரிலிருந்தே தோசைமாவு மிக்ஸ் வரை மனைவி பரிமளாவின் பெட்டியில் ஏற்றியிருந்தார்.

காலையில் சாமி படத்துக்கு முன்னால் தன் சிமெண்ட் கடைச் சாவியை வைத்தார். மகள் அபிநயாவின் லேப்டாப்பையும் பிடுங்கி வைத்துப் பொட்டிட்டார். பரிமளா தன் பங்குக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பொரி, பழம் படைத்துக் கும்பிட்டார்கள்.

அபிநயா லேப்டாப்பை எடுக்கப் போனாள்.

"தொடாத. பூசையில வெச்ச சாமானை நாளைக்குத்தான் எடுக்கணும். மீறுனா சாமி குத்தம்" என்று தடுத்தார் மணிவேல்.

"நெசமாம்மா?"

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பரிமளா, வெகு பணிவாக.

மணிவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தார்.

"பசிக்குது பரிமளா. நாலு தோசை ஊத்து."

"எப்படிங்க ஊத்துறது?"

பரிமளா அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினாள். தோசைக்கல், கரண்டி, குக்கர். எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"கல்யாணமானதுலேருந்து இந்த வருசந்தாங்க என் ஆயுதத்துக்கும் பூசை போட்டிருக்கேன். நாளைக்குத்தானே எடுக்கணும்?"

அபிநயா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்பாவின் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

"கீழயே ஓட்டல் இருக்குப்பா."