அறுபத்திரண்டு சதவீதம்

“ஏய் அறுபத்திரண்டு, உன்னைத் தோண்டிப் பார்க்க ஆள் வந்தாச்சு!” என்றாள், ஆய்வகத்தில் குடுவை கழுவும் அக்கா. “கடல் தாண்டி வந்திருக்கார். கோட்டு போட்ட ஆளு. சிரிப்புன்னா என்ன விலைன்னு கேப்பார் போல.”

பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பேர் ஒன்று அறுபத்திரண்டுக்கும் உண்டு. ஆனால் இந்தக் கட்டடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். சோளத்தட்டையை வேகவைத்து, பிளாஸ்டிக் செய்ய உதவும் வெள்ளைத் தூளை எடுத்தவள் அவள். பெட்ரோலியம் ஒரு சொட்டு வேண்டாம். நூறு கிராம் தட்டைக்கு அறுபத்திரண்டு கிராம் தூள்! அந்தக் கணக்கை நம்பித்தான் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று கூட்டுச் சேர்ந்தது, பேராசிரியர் மேடை மேடையாக ஏறினார், அவளுக்கும் அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகப் போகிறது.

ஒரே ஒரு சங்கடம். அந்த எண் தப்பு.

வேண்டுமென்று செய்ததில்லை, பாவம். ஈரத் தூளை ஓவனில் இரண்டு மணி நேரம் உலர்த்தி எடை போட்டாள். பார்வைக்கு மாவு மாதிரி காய்ந்துதான் இருந்தது. கட்டுரையில் ‘நன்கு உலர்த்தி’ என்று எழுதியதோடு சரி. அது அச்சாகி, கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு தடவை மறதியாய் மறுநாள் வரை ஓவனிலேயே விட்டுவிட்டாள். எடுத்து எடை போட்டால் முப்பத்தைந்து. மிச்சம் இருபத்தேழும் வெறும் தண்ணீர்!

அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும்; கூட்டுச் சேர்ந்த அந்த வெளிநாட்டு ஆய்வகத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ‘உங்கள் முறையை நேரில் பார்க்க வேண்டும்’ என்று கடிதம் எழுதியிருந்தாராம். மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேராசிரியர் தாராளமாக வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்லவேளை, நம் பேச்சே பேசினார். திட்டினாலும் புரியும், அந்த மட்டில் வசதி.

“வழக்கமா செய்யறதை அப்படியே செய்யுங்கம்மா. நான் ஓரமா நின்னுக்கறேன்.”

மூன்று நாளும் நின்றார். அவள் தட்டையை அரைக்கும்போது நின்றார், வடிகட்டும்போது நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கைகளைத்தான் பார்த்தார்.

“அமிலம் ஊத்தறப்ப ஏன் இடது கையால கலக்கறீங்க?”

“பழக்கம் சார்.”

அதையும் எழுதிக்கொண்டார்.

“இடது கை கூடவா குத்தம்?” என்று அக்கா காதைக் கடித்தாள். “நான் குடுவை கழுவறதையே பத்து நிமிஷம் பாத்தார்டி. எத்தனை தடவை அலசறீங்கன்னு கேட்டார். என் மாமியார்கூட அப்படிக் கேட்டதில்ல.”

“சும்மா இரு அக்கா.”

“உனக்கு ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு? நீதான் ஒழுங்கா செஞ்சவளாச்சே!”

அவள் வடிதாளை மாற்றப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் தூள் ஓவனுக்குள் போனது. இரண்டு மணி நேரம் ஆனது. நாளை வரை விட்டால் முப்பத்தைந்து. வேலையும் மானமும் போகும். இப்போதே எடுத்தால் அறுபத்திரண்டு. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். கிண்ணத்தை வெளியே எடுத்தாள்.

“அவ்வளவுதானா?” என்றார் அவர். “ரெண்டு மணி நேரம் போதுமா?”

“போதும் சார்.”

“நாங்க ஒரு நாள் முழுக்க வச்சோம்.”

அவள் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும், என்ன ஆச்சரியம், அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

“பதினோரு மாசம், நாப்பது தடவை செஞ்சு பாத்தாச்சு. முப்பத்தஞ்சுக்கு மேல ஏறவே இல்ல.”

“சார், என்னைப் பத்தி என்ன அறிக்கை எழுதப் போறீங்க? இப்பவே சொல்லிடுங்க.”

“அறிக்கையா?” அவர் விழித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் சோதிக்க வந்தவன் இல்லம்மா. அங்க இதைச் செஞ்சு பாத்த டெக்னீஷியன் நான்தான். உங்க அறுபத்திரண்டு என் கையில வரலைன்னு, வேலை தெரியாதவன்னு சொல்லி அஞ்சு மாசம் முன்னாடி என்னை அனுப்பிட்டாங்க. பழைய அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ள வந்தேன், மன்னிச்சுடுங்க.” கிண்ணத்திலிருந்த வெள்ளைத் தூளைக் கண்கலங்கப் பார்த்தார். “இருபத்தாறு வருஷம் இந்தக் கையை நம்பியிருந்தேன். சொல்லுங்கம்மா, அதிகமா காய வச்சுத்தான் நான் கெடுத்துட்டேனா?”