பூட்டு விழாத இயந்திரம்

கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், அமுக்கி இயந்திரத்தின் மேசையில் இன்னும் கிடக்கும் ஒற்றைக் கையுறையின் மேல் நிற்கிறது. புரோகிராம் எழுதியவள் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து மடிக்கணினியை வெறிக்கிறாள். இயந்திரம் அணையும்போது மேல்தட்டைப் பூட்டும் பகுதியை அவள் கைப்பட எழுதியிருக்கிறாள். இயந்திரத்துக்குள் ஏறிய புரோகிராமில் அது இல்லவே இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்க, வேண்டாததைக் கழித்துவிடு என்று லிங்கர் என்ற மென்பொருளுக்குச் சொன்னவளும் அவள்தான். புரோகிராம் துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் அந்த லிங்கர், வேறெந்தத் துண்டும் பெயர் சொல்லி அழைக்காத பகுதி எதற்கென்று தூக்கி எறிந்துவிட்டது. கடைசியில், அணையும்போது தானாக ஓட வேண்டியதை யார் அழைப்பார்கள்? 'இதை மட்டும் தொடாதே' என்று ஒரு வரி எழுத மறந்திருக்கிறாள். இந்த இயந்திரத்தில் கை நசுங்கியவனின் அக்கா, தம்பியின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போக வந்தவள், தூணோரம் நிற்கிறாள். "ஆஃப் பண்ணிட்டுத்தான் துடைச்சேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்றான் மேடம். யாருமே நம்பலை." எழுதியவள் நிமிராமலே, ஸ்விட்சருகே நிற்கும் மேஸ்திரியிடம், "ஒரு தடவை போட்டு நிறுத்துங்கண்ணே," என்கிறாள். அவர் ஸ்விட்சைத் தட்டுகிறார். தொடக்க வேலைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை: விசிறி சுழல்கிறது, எண்ணெய் ஏறுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, தட்டு மேலே போகிறது. அணைக்கிறார். பூட்டு விழும் 'டக்' வரவில்லை. ஒரு மூச்சு நேரம் தட்டு அப்படியே நிற்கிறது. பிறகு சத்தமில்லாமல், மொத்தப் பாரத்தோடும் இறங்கிக் கையுறையை மூடிக்கொள்கிறது. மேஸ்திரி ஸ்விட்சிலிருந்து கையை எடுக்க மறந்து நிற்கிறார். அக்கா டப்பாவை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். "காலையில நானும் அவனைத்தான் திட்டிட்டு வந்தேன்," என்கிறாள், யாரையும் பார்க்காமல்.